மடிக்காமல் விட்ட வலை

பாம்பன்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

மாரிச்செல்வி எழுதுகிறேன். நானும் மாலதியும் அத்தையும் நல்ல சுகம். அக்கரைச் சிறையில் உங்களுக்குச் சோறு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி தூங்குகிறீர்களா என்பதுதான் இங்கே எங்களுக்கு ஓயாத கவலை. தூதரகத்து ஆட்கள் உங்களைப் பார்க்க வருகிறார்களாம், கடிதம் கொடுத்தால் சேர்ப்பார்களாம் என்று மீனவர் சங்கத்தில் சொன்னார்கள். இடையில் யார் யார் பிரிப்பார்களோ தெரியாது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

மாலதியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். காதுகுத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். அய்யா வராமல் குத்தவிட மாட்டேன் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். உங்கள் நீல வலை கெட்டுப்போய்விட்டது. கெடுத்தது நான்தான்.

தை மாதம் நீங்கள் விசைப்படகில் ஏறிய அன்று, வலையை அலசி வேலியில் போட்டுவிட்டு, "நான் வந்து மடிச்சுக்கிறேன், நீ தொட்டுச் சிக்கலாக்கிராத" என்று சொல்லிப் போனீர்கள். மறுநாள் இலங்கைக் கடற்படை உங்களைப் பிடித்துப்போன செய்தி வந்தது. அதன்பிறகு அந்த வலையைத் தொட எனக்கு மனமே வரவில்லை. மடித்து உள்ளே வைத்தால், நீங்கள் இப்போதைக்கு வரமாட்டீர்கள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். கொடியில் காய்ந்த உங்கள் ஊதாச் சட்டையையும் அதனால்தான் எடுக்கவில்லை.

உங்கள் தம்பி கூத்தையா மாசியிலேயே வந்து சொன்னார். "மதினி, வெயில் நூலைத் தின்னுரும். ஒண்ணு நான் கடலுக்குக் கொண்டுபோறேன், இல்லாட்டி சாக்கையாவது போட்டு மூடுங்க" என்றார். அண்ணன் இருக்கையிலேயே பங்கு போட வந்துட்டீகளோ என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. திரும்பிப் போய்விட்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வாரம் மாலதிதான், அய்யா சட்டை வெள்ளையாயிருச்சு என்றாள். தோளும் முதுகும் வெளுத்துக் கிடந்தன. காலரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மட்டும் வாங்கின அன்றைய ஊதா. கொடியிலிருந்து இழுத்தேன், தோள்பட்டை கிழிந்து கையோடு வந்தது. ஓடிப்போய் வலையைப் பிடித்தேன். நீலம் போய்ச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒரு கண்ணியில் விரலை விட்டு இழுத்ததும் படக்கென்று அறுந்தது. கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது மச்சான். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூத்தையா வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. வலை என்று மட்டும் சொன்னேன், அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வெளுத்ததையெல்லாம் வெட்டி எறிந்தோம். குவிந்து கிடந்ததற்கு அடியில் வெயில் படாமல் இருந்தது மட்டும் நிறம் மாறாமல் கெட்டியாக இருக்கிறது. பாதிகூட இல்லை. அதை நானே மடித்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வலை மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொள்வேன். அந்தப் படகில் போக உங்களுக்கு விருப்பமே இல்லை. நம் சின்னப் படகு, வல்லத்து எஞ்சின் சரியாகட்டும், அதிலேயே போகிறேன் என்றீர்கள். காதுகுத்துச் செலவு வருகிறதே, ஒரே ஒரு தடவை போய்வாருங்கள் என்று தள்ளிவிட்டது நான். அத்தை இதுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன மாதம் அங்கிருந்து விடுதலையாகி வந்த முத்துராமலிங்கம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறீர்களாம். முற்றத்தில் விட்டால் மற்றவர்கள் மரத்தடிக்குப் போனாலும் நீங்கள் மட்டும் கடல் இருக்கும் திக்கைப் பார்த்துக்கொண்டு வெயிலிலேயே நிற்கிறீர்களாம்.

நிற்காதீர்கள் மச்சான். நான் ஒன்றும் தொடாமல் காத்திருந்து கெடுத்தது போதும். அந்தோணியார் கோயிலிலும் ராமநாதசுவாமி சன்னதியிலும் வேண்டியிருக்கிறேன், கட்டாயம் விடுவார்கள். அதுவரை வேளைக்குச் சாப்பிடுங்கள். நிழலில் இருங்கள்.

உங்கள்,
மாரிச்செல்வி