ஏணியைக் கடைசியில் ஒட்டினேன்

இன்று காலை புது சூப்பர் க்ளூ குழாயின் மூக்கை அறுத்தேன். அந்த நெடி கண்ணைக் கரித்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். கண்ணில் நீர் வந்ததற்குப் பசைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் பொய் எதற்கு?

பாசிர் கூடாங் துறைமுகத்தில் நீ இழுவைப் படகில் மாலுமி, நான் அங்கேயே தொழிற்சாலையில் ஷிப்டு. இருவருக்கும் ஓய்வு கிடைத்தால் என் சாப்பாட்டு மேசைதான் நமக்குக் கப்பல் கட்டும் துறை. உன் படகைப் போலவே ஒரு சின்ன மாதிரிப் படகு, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வந்தது. கூடவே காகிதம் போல ஒரு பித்தளைத் தகடு. அதில் கைப்பிடிக் கம்பி, கொக்கி, ஓர் ஏணி. ஒவ்வொன்றையும் வெட்டி, மடித்து, இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். நீ தும்மியதில் ஒரு கொக்கி பறந்து, நாம் தரையில் தவழ்ந்தபோது உன் மனைவி கேட்டாள்: "ரெண்டு பேரும் என்னத்த தொலைச்சீங்க, புத்தியையா?"

ஒருநாள் தகட்டை வெட்டிய கத்தி சறுக்கி உன் கட்டைவிரலைக் குறுக்கே கிழித்தது. காயம் ஆறியும் தழும்பு போகவில்லை. நீயோ விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தாய். "ரத்தம் குடுத்தாச்சு லா. இனிமே இது என்னோட போட்."

நான் ஏணியை எடுத்தபோது தடுத்தாய். "அது வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்டா. இப்ப ஒட்டுனா கை பட்டு வளைஞ்சிடும். கடைசியா பாத்துக்கலாம்."

அந்தக் கடைசிக்கு முன்பே நீ படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டாய். பல நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் காரியம் செய்யச் சொன்னார்கள். உன் மனைவி மறுத்துவிட்டாள். "உடம்பே வரல, என்னத்துக்குக் காரியம்? அவரு நீந்தி வந்துருவாரு." வாசல் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. ஆளே பாதியாகிவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அந்த போட்டை முடிச்சுக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்."

ஏணி மட்டும்தான் பாக்கி. அதை ஒட்டினால் நீ இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தள்ளிப் போட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாலை, பக்கவாட்டில் நீர்மட்டம் வரை இறங்கும்படி ஏணியை ஒட்டினேன். பொந்தியான் ஊர்க் கடையில் புதிதாக வாங்கிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியால் படகை மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் அதிசயம் இல்லை. பசையின் ஆவி வெளியே போக வழியில்லாவிட்டால், விரல் பட்ட இடமெல்லாம் படிந்து ரேகையைக் காட்டிவிடும். அவசரப்பட்டு மூடிய என்மேலேயே எரிச்சல் வந்தது, துடைக்கத் துணியும் எடுத்தேன். அப்போதுதான் ஏணிக்கு நேரே இருந்த கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

என் விரலைத் திருப்பிப் பார்த்தேன். கோடு கிடையாது. அந்த மூடியோ நீ போன பிறகு வாங்கியது. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ரேகை அங்கேயேதான் இருந்தது.

உன் மனைவி வந்தபோது படகை மூடியோடு அவள் முன் வைத்தேன். அந்தத் தழும்புக் கோட்டை அவளே பார்த்தாள். வெளிப்பக்கமாகத் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

"இது உள்பக்கம் இருக்கு, அண்ணே."

"ஆமாம்மா."

"அப்போ ஏறிட்டாரு."

அன்றுதான் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க," என்றாள். படகு இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. இரவில் கதவைப் பூட்டுகிறாளாம்.

என் மேசையில் இன்று வேறொரு கப்பல். ஏணியைக் கடைசியாகத்தான் ஒட்டுவேன். பிறகு மூடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மூடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உன் கைக்கு இடம் இருக்கட்டும்.