சேவலுக்கு மூன்று வாரம்

1929 ஜூன் 3, திங்கள்

காலையில் கொல்லைக்குப் போனால் சேவல் தலையில்லாமல் கிடக்கிறது. மரநாய் வேலை. கோழிகள் ஏழும் கூண்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. அமலம் அழவில்லை. தூக்கிக்கொண்டு போய் முருங்கையடியில் புதைத்தாள். குழம்பு வைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 5

மழை. கப்பல் எதுவும் வரவில்லை. துறைமுக ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8, சனி

இன்று அமலம் என்னிடம் வாய்திறந்து ஒன்று கேட்டாள்.

"ஒரு சேவல் வேணும். அடை வெக்கணும். குஞ்சு பாக்கணும் எனக்கு."

அவ்வளவுதான். ஆனால் கேட்டாளே! இரண்டு வருஷமாக என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கோழிகளிடம்தான் பேச்செல்லாம். கருப்பி, புள்ளி, ரோசம்மா என்று ஒவ்வொன்றுக்கும் பேர். நான் வீட்டுக்காரனா, குடிக்கூலிக்கு வந்தவனா என்று எனக்கே சந்தேகம்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல? இரண்டு வருஷத்துக்கு முன் அவளும் எங்கள் மகன் ரேமண்டும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இங்கே என்னிடம் வந்தார்கள். கப்பலில் ஒருவனுக்கு வைசூரி. டெக்கில், மேல்தட்டில், வந்த அத்தனை பேரையும் பக்கத்துத் தீவில் இறக்கித் தனியே வைக்க உத்தரவு. பெயர்ப் பட்டியல் எழுதுவது என் வேலை. "எங்க பேர மட்டும் விட்டுடுங்க, புள்ளைக்குச் சளி" என்று கெஞ்சினாள். எழுதினேன். அமலம்மாள், வயது இருபத்திரண்டு. ரேமண்ட், பதினொரு மாதம். ஒன்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் வாரம் அவள் மட்டும் படகில் வந்து இறங்கினாள்.

சேவல் வாங்கித் தருவேன். பத்துச் சேவல் வேண்டுமானாலும் வாங்கித் தருவேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேரே பசார் சந்தைக்குப் போனேன். நூர் முகம்மது கடையில் செம்பு நிறத்தில் ஒரு சேவல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "நம்பி எடுத்துட்டுப் போங்கண்ணே, நல்ல சாதி லா" என்றார்.

சேவலோடு வீடு வந்ததும் அடுத்த வீட்டு சலேஹா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முப்பது கோழி வளர்ப்பவர்கள்.

"தம்பி, உடனே உள்ள விட்டுடாத. மூணு வாரம் தனியா வை. தண்ணி, தீனி எல்லாம் தனி. நோவு இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வை. ஒண்ண ஒண்ணு பாத்துப் பழகட்டும். கடைசில ஒரு நாள் பொழுது சாயுறப்ப கோழிங்களோட ஏத்தி விடு. காலைல சண்டை இருக்காது."

விறகுக் கொட்டகையில் பெட்டி போட்டு அடைத்தேன். தனியே அடைக்கிற சட்டமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜூன் 12

சேவல் கொட்டகைக்குள்ளிருந்து கத்துகிறது. அமலம் பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். சாப்பிடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

"எத்தன நாளு?" என்றாள்.

"இருபத்தோரு நாள்."

"அது என்ன தப்பு பண்ணிச்சு?"

"தப்பு இல்ல அமலம். நோய் இருந்தா மத்ததுக்கும்—"

"நோயே இல்ல. நல்லாத்தான் தின்னுது. தனியா அடைச்சாத்தான் நோய் வரும். எனக்குத் தெரியாதா அது?"



ஜூன் 15, சனி

திறந்துவிட்டேன். நானேதான். என் கையால்.

சேவல் ஒரு சுற்று சுற்றி வந்தது. கருப்பி பாய்ந்தது, இறகு பறந்தது, மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. அமலம் சிரித்தாள். "நடையப் பாருங்க, தொரை மாதிரி" என்று சொல்லி என் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாள். சலேஹா அக்கா, "ஏன் தம்பி, ஆறு நாள்தான ஆச்சு?" என்றார்கள். "ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன். ஆகட்டும், ஆகாமல் போகட்டும், அவள் சிரித்தாள்.

ஜூன் 17

இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னுங் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள். வயிறு நிறைந்திருந்தும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 20

சேவல் தூங்கி வழிகிறது. பச்சையாய்க் கழிகிறது.

ஜூன் 22

கருப்பியும் ரோசம்மாவும் போய்விட்டன.

ஜூன் 23

இன்னும் நான்கு செத்தன. ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. குழி தோண்டினேன்.

ஜூன் 25, செவ்வாய்

புள்ளிக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் இடித்து ஊட்டிக்கொண்டேயிருந்தாள். மடியிலேயே செத்தது.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: அடைச்சாலும் சாவு, தொறந்தாலும் சாவு. தெரியாமலா தொறந்தே? தெரிஞ்சுதான் தொறந்தே. அவ ஒரு தடவ சிரிக்கணும்னு ஏழு உயிர எடுத்திட்டியே. என்னடா மனுஷன் நீ, லாரன்ஸு?

ஜூன் 29

சேவல் பிழைத்துவிட்டது! வேலிமேல் ஏறிக் கூவுகிறது, வெட்கங்கெட்டது.

சலேஹா அக்கா வந்தார்கள். "பொழச்சாலும் நோவு அது உடம்புலயே இருக்கும் தம்பி. இனி எந்தக் கோழியும் அது பக்கத்துல உயிரோட தங்காது. என் கோழிங்களையும் நெனச்சுப் பாரு." நியாயம்தான். கத்தியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது கொல்லையில் சத்தமில்லை. அமலம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சேவலை அறுத்துப் புதைத்தும் முடித்திருந்தாள். "உங்களால முடியாதுன்னு தெரியும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு எங்கள ஊருக்குள்ள விட்டிருந்தா, ஊரு பூரா அம்மை வந்திருக்கும், இல்ல?"

"வந்திருக்கலாம்."

"அப்ப நீங்க எழுதினது சரிதான்."

இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன். 

"இத்தன நாளும் உங்க மேல கோவப்பட்டுக்கிட்டே கெடந்தேன்" என்றாள். "காலைல எந்திரிச்சா அந்தக் கோவம் இருக்கும். இனி நான் யாரக் கோவிச்சுக்கிறது?"

"என்னையே கோவிச்சுக்க, அமலம்."

"முடியலங்க" என்றாள்.