கைப்பிடி இல்லாத படிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, காதை மூடிக்கொள். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. மூன்றாம் மாடித் தையல்காரம்மாவின் கை.
2. குடியிருப்போர் சங்கக் கூட்டம்.
3. நான் அவர் வீட்டுக்குப் போய் வந்தது.
4. ஆகவே நீ இப்போது வர வேண்டியதில்லை என்பது.

முதலாவது. படியில் விழுந்ததற்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்க மறுக்கின்றன. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல், வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கையால் தலை பின்ன முடியாதல்லவா. உன் மனைவி காலையில் மேலே போய்ப் பின்னிவிட்டு வருகிறாள். என்னிடம் சொல்லவில்லை. சீப்போடு படியேறுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது. கூட்டத்தில் செயலாளர் நாற்காலி, அதாவது உன்னுடையது, காலியாக இருந்தது. வண்ணம் பூச வசதியாகப் படிக்கட்டுக் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன் என்றார் பெயிண்டர். திரும்ப மாட்ட யாரும் கூப்பிடவில்லை என்றார் வெல்டர். இருவரிடமும் சொன்னதாக நீ வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்ததை வாசித்தார்கள். கீழ்வீட்டு பஸ் டிரைவர், “அப்போ கைப்பிடி தானாவே இறங்கிப் போயிருக்கும். அதுக்கு மட்டும் பிடிச்சுக்க எதுவும் வேணாம் போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு உன் நாற்காலி கண்ணில் பட்டது.

ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். எனக்கு எல்லாமே சரியாகத்தான் பட்டது. எல்லோரும் சரி என்றால் அந்தப் பெண் எப்படி விழுந்தார் என்பதுதான் பிடிபடவில்லை. வயதாகிவிட்டது, எனக்குத்தான் புரியவில்லையோ என்னவோ.

மூன்றாவது. இரண்டு முறை பாதிப் படியில் திரும்பிவிட்டு, நேற்றுதான் போய்ச் சேர்ந்தேன். தையல்காரம்மா காலால் நாற்காலியை நகர்த்திப் போட்டு, “மூச்சு வாங்குது, உக்காருங்க ஐயா” என்றார். அந்த ஊருக்குக் கிளம்பும்போது நீ என்னிடம் மட்டும் சொன்னதை, வெல்டரைக் கூப்பிட மறந்துபோனதை, சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் சார்பில் மன்னிப்பும் கேட்டேன்.

அவர் மடங்காத விரல்களை மறு கையால் நீவிவிட்டுக்கொண்டார். “நீங்க எதுக்கு ஐயா கேக்குறீங்க? அவருக்கு நாப்பது தாண்டியாச்சு” என்றார். பிறகு, “கோவம் இல்லீங்க. என் செருப்பு வழுக்கிடுச்சுன்னு குரூப்ல எழுதிட்டு, கும்பிடுற பொம்மையும் போட்டாரு. நாலு பேரு அதையே சொல்லவும், என் மேலதான் தப்போன்னு எனக்கே ஆகிப்போச்சு. மறந்துட்டேன்னு அவர் வாயால ஒரு தடவை கேட்டா போதும்” என்றார்.

நான்காவது. அலுவலகப் பயிற்சி முடிந்தும் நீ அங்கேயே தங்கியிருப்பதைப் பற்றி நான் கேட்டதில்லை. நான்தான் மன்னிப்புக் கேட்டாயிற்றே, விஷயம் முடிந்தது, வேலையைப் பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படித்த பிறகு கை ஓடவில்லை. பட்டியலில் நான்காவதாகப் போட்டது தவறு, தம்பி. வேறு தாளில் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன், இப்படியே இருக்கட்டும்.

வந்துவிடு. படியேறும்போது வேண்டுமானால் நான் பின்னால் வருகிறேன். பேசுவது மட்டும் நீயாக இரு.

என் ஆசி என்றும் உனக்கு உண்டு.

அப்பா