காவல் நிலைய வளாகத்தில் கிடக்கும் பாடையை ஒப்படைக்கக் கோரி

அனுப்புநர்
பெ. நாகையா,
பட்டாசுத் தொழிலாளி,
மேலத் தெரு, மல்லாங்கிணறு,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: எண்ணெய்க் கிடங்கு விரிவாக்கத்தை எதிர்த்து நடந்த கலைப் போராட்டத்தில் கைப்பற்றப்பட்ட வைக்கோல் உடலையும் பாடையையும், எரியூட்டுவதற்காகத் திருப்பித் தரக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் பாண்டிச்செல்வி கடந்த ஆண்டு கோடையில், பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து இறந்துபோனாள். சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால், வெயில் ஏறும் முன்பே கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. இப்போதோ விடியும்போதே தரை சுடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொடுத்ததை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் மனைவி வேலுத்தாய்க்கு மகளின் முகத்தைக் காட்டவில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை.

2. சென்ற மாதம் விருதுநகர் வீதிநாடகக் குழுவைச் சேர்ந்த அன்பரசன் என்பவர் எங்கள் ஊருக்கு வந்தார். எண்ணெய்க் கிடங்கு வாசலில் மழைக்குப் பாடை கட்டி ஒப்பாரி வைக்கப் போவதாகச் சொன்னார். பெட்ரோலுக்கும் எங்கள் வெயிலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நானும் கேலியாகத்தான் கேட்டேன். எரித்த எண்ணெயெல்லாம் புகையாக வானத்தில் நின்று சூட்டை ஏற்றுகிறது என்றார். பாடை கட்ட நானும் கூடப் போனேன்.

3. வைக்கோலில் ஒரு பெண்ணுருவம் செய்து அதற்கு மழை என்று பெயர் வைத்தார்கள். போர்த்துவதற்குப் பழைய சேலை கேட்டபோது, பாண்டிச்செல்வி பொங்கலுக்கு ஒரே ஒரு தடவை கட்டிய சேலையை வேலுத்தாய் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. சென்ற வியாழக்கிழமை கிடங்கு வாசலில் பாடையை இறக்கியதும் ஒப்பாரி தொடங்கியது. நாடகத்துப் பெண்கள் மழையே, மழையே என்று பாடிக்கொண்டிருக்க, வேலுத்தாய் மட்டும் மகள் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பாடியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

4. அந்த நேரத்தில் காவல் துறையினர் பாடையைக் கைப்பற்றி, அன்பரசன் மீதும் என் மீதும் வழக்குப் பதிந்தனர். எண்ணெய் இருக்கும் இடத்தில் நெருப்பு வைக்கப் பார்த்தோமாம். நெருப்பு எங்கே ஆகாது என்று பட்டாசுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாடையை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிப்பதாகத்தான் ஏற்பாடு.

5. அன்று முதல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சமைக்கச் சொன்னதற்கு வேலுத்தாய், "பொணம் கெடக்கையில அடுப்புப் பத்த வைப்பாகளா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும் வரை அந்த வீட்டில் உலை வைப்பதில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவரும் காப்பியால் வாயை நனைத்துக்கொள்கிறாள். பகலெல்லாம் காவல் நிலையச் சுவரோரம், பாடை தெரியும்படி உட்கார்ந்திருக்கிறாள். வைக்கோலுக்கா இம்புட்டு அழுகை என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. என் மனைவி இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

6. வழக்கு என் பேரில் இருக்கட்டும், கூப்பிட்ட நாளில் வந்து நிற்கிறேன். சாட்சிக்குப் படம் எடுத்துக்கொண்டு, சட்டப்படி அந்த உடலையும் பாடையையும் மட்டும் விடுவிக்கச் செய்ய வேண்டுகிறேன். தேவையென்றால் போலீசாரும் சுடுகாடு வரை உடன் வரட்டும்.

7. பாடை திறந்த வெளியில் கிடக்கிறது. நனைந்துவிட்டால் வைக்கோல் எரியாது, மட்கித்தான் போகும். நேற்று மாலை மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பட்டாசு வேலையோடு மானாவாரி நிலத்தில் சோளமும் போட்டு வானத்தைப் பார்த்தே வயதானவன். ஆயுளில் முதல் தடவையாக, மழையே வராதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஐயா அவர்கள் மழை இறங்குவதற்குள் உத்தரவிட வேண்டும்.

இடம்: மல்லாங்கிணறு
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
பெ. நாகையா