பவளநங்கையின் இரண்டு பாதி

கிள்ளான்,
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். உன் மகன் ஜீவன் நேற்று அங்கே பெர்த்திலிருந்து போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நாம் உயிராக நினைக்கும் 'பவளநங்கை' நாவல்.

அதைப் படமாக எடுக்கிறார்களே, அதன் டிரெய்லர் வந்துவிட்டதடி! யானையை விட்டு இறங்கி, எதிரிப் பாசறைக்குள் பவளநங்கை தன்னந்தனியாக நடந்துபோவாளே, அந்த இடம். ஒரு வசனம் இல்லை, அவள் காலடிச் சத்தம் மட்டும். எழுதியவர் அங்கே எப்படி அடக்கி வாசித்தாரோ, அப்படியே எடுத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. நடிகை ஒல்லிக்குச்சியாக இருக்கிறாளே என்று முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவள் தலையை நிமிர்த்திய விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே தியேட்டருக்குப் போய் இரண்டு டிக்கெட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "ஆன்டி, தீபாவளிப் படம் லா, புக்கிங்கே இன்னும் ஓப்பன் ஆகல" என்று சிரிக்கிறாள். என் வீட்டுக்காரர் பழனியப்பனுக்குச் சொல்லவா வேண்டும்? இன்னும் கிண்டல் ஓயவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதி ஞாபகம் இருக்கிறதா? பிரிக்பீல்ட்ஸ் கடையில் பங்கு போட்டு வாங்கிய ஒரே புத்தகம். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்து, ரொட்டிக் கத்தியால் நடுவில் அறுத்துவிட்டோம். நீ அவசரக்காரி, இரண்டாம் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படித்து, முடிவைக் கேன்டீன் முழுக்க உளறிவைத்தாய். பாவி! அந்தப் பாதி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, முதல் பாதி என்னிடம்.

இப்போது அந்த அவசரம் எங்கே போனது? இதய ஆபரேஷனை இந்த மாதமே செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நீயோ தீபாவளிக்குக் கிள்ளானுக்கு வந்து, என்னோடு படம் பார்த்த பிறகுதான் படுப்பேன் என்றாயாம். அறிவிருக்கிறதா உனக்கு? "நீங்க சொன்னாதான் அம்மா கேப்பாங்க ஆன்டி" என்று ஜீவன் போனிலேயே அழுதுவிட்டான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, நிரஞ்சனி.

நீ எழுந்து நடமாடும்வரை நான் அந்தப் படத்தைப் பார்க்கமாட்டேன். தியேட்டரை விட்டு எடுத்துவிட்டால் எடுக்கட்டும், என் வீட்டு டிவியில் பார்ப்போம். முடிவை நீ முன்னாலேயே உளறு, நான் வாயே திறக்கமாட்டேன். தயவுசெய்து நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு. இன்று பெருமாள் கோயிலில் உன் பேருக்குத்தான் அர்ச்சனை செய்தேன்.

வரும்போது உன் பாதிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வா. நீயேதான் கொண்டுவர வேண்டும். ஜீவன் அதைத் தபாலில் அனுப்பும்படி வைத்துவிடாதே.

உன்
தங்கமணி