பாப்பா அழுதால் எரியும் விளக்கு

மே 9, 1966. திங்கள்

காலையிலேயே புழுக்கம். டிராம்பே பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் விடாமல் "ஆகே சலோ, ஆகே சலோ." முன்னால் எங்கே போக?

அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டாள். பையை வைத்ததுமே பேச்சு. "ஏல, காது கேக்காதவ கையில பச்சப்பிள்ளைய விட்டுட்டு நீ வேலைக்குப் போயிருத. அது கத்திக் கெடந்தாலும் இவளுக்குத் தெரியுமால? நான் கொண்டுபோயி வளக்கேன்."

கோமதி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது, காது போயிற்று. உதட்டைப் பார்த்துப் பாதிதான் புரியும். இது முழுதும் புரிந்துவிட்டது.

ஞாயிறு வரை பொறு, ஒரு விளக்கு செய்து காட்டுகிறேன் என்றேன் அக்காவிடம்.

மே 12, வியாழன்

விளக்கு தயார். தொட்டிலில் மைக். ஒரு டிரான்சிஸ்டருக்கு அழுகையின் வோல்டேஜ். இன்னொன்றுக்கு நான் குமிழில் வைத்த அளவு. எது பெரிதோ அது திறக்கும், மற்றது மூடிக்கொள்ளும். அழுகைப் பக்கம் திறந்தால் விளக்கு எரியும். சிணுங்கினால் எரியாது, அழுதால் பளிச். எல்லாம் பவுடர் டப்பாவுக்குள், பல்பு மேலே.

குமிழை இடப்பக்கம் திருப்பினால் சின்னச் சத்தத்துக்கும் எரியும் என்று கோ.வுக்குக் காட்டினேன்.

"அப்ப பாப்பா எங்கிட்டயே இருப்பாளா?" உரக்கக் கேட்டாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை. தலையாட்டினேன்.

மே 15, ஞாயிறு

போயிற்று.

மத்தியானம் தகரக் கூரை கொதித்தது. பாப்பா அழுதாள், விளக்கு எரிந்தது, கோ. ஓடினாள். "பரவால்லியே" என்றாள் அக்கா. பிறகு பாப்பா தூங்கியும் விளக்கு அணையவில்லை. கோ. ஓடிப் பார்ப்பாள், தூங்குகிறாள், திரும்புவாள். மறுபடி. அலுத்துப்போய் அரிசி புடைக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் நிஜமான அழுகை. ஏற்கெனவே எரிகிற விளக்கில் அவளுக்கு என்ன தெரியும்? எழுந்திருக்காதே என்று அக்கா எனக்குக் கண் காட்டினாள். பாவி, உட்கார்ந்தே இருந்தேன்.

அக்காதான் தூக்கினாள். "பாத்தியால? டப்பாவ நம்பிப் பிள்ள வளக்க முடியுமா?"

மே 17, செவ்வாய்

நேற்று அக்காவையும் பாப்பாவையும் தாதரில் ரயில் ஏற்றிவிட்டேன். "நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விடுதேன்" என்றாள் அக்கா. கோ. ஸ்டேஷனுக்கு வரவில்லை.

இன்று லீவு. டப்பாவைத் திறந்தேன். அழுகைப் பக்கத்து டிரான்சிஸ்டர் பல்புக்கு நேர் அடியில். மற்றது மூலையில். சூடு ஏறினால் அதிலுள்ள ஜெர்மேனியத்தில் கரண்ட் தானே கசியும், அழுகை இல்லாமலே திறந்துகொள்ளும். இரண்டையும் ஒட்டவைத்து ஒரே செம்புத் தகட்டில் கட்ட வேண்டும், சூடானால் சேர்ந்தே சூடாகட்டும். ஆபீசில் தினம் செய்கிற வேலை. வீட்டில், டப்பாவில் இடமில்லை என்று விட்டுவிட்டேன்.

கட்டினேன். கை தட்டினால் எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது. மத்தியான வெயிலிலும். யாருக்காக?

மே 22, ஞாயிறு

மாட்டுங்காவில் காய்கறி. கத்தரிக்காய் சுமார்.

திரும்பி வந்தால் விளக்கு எரிகிறது. எதிரே கோமதி. குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருகியிருக்கிறாள். பக்கத்து அறை மராட்டிக்காரப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் போல. சுவருக்கு அந்தப்புறம் கைக்குழந்தை அழுகிறது.

"பிள்ள அழுவுதுல்லா?"

ஆமாம் என்றேன்.

"பசிக்கா, தூக்கத்துக்கா? கேட்டுச் சொல்லுங்க."

பசிக்கு என்றேன். அவள் ரவிக்கை நனைந்திருந்தது.