இரண்டு மனுவேல்

2 நவம்பர் 2025, ஞாயிறு
கல்லறைத் திருநாள். தாத்தா கல்லறையில் அம்மா பூப் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா ஒற்றை மெழுகுவர்த்தியோடு மதில் ஓரம் போனார். நான் பின்னாலேயே போனேன். என் குடும்ப மர ஆப்புக்காகக் கல்லறை கல்லறையாகப் படம் பிடிக்கிறேனே, விடுவேனா!

ஓரத்தில் ஒரு சின்னக் கல். மனுவேல், 1968–1985. கடலில் மறைந்தார்.

தூக்கிவாரிப் போட்டது. மனுவேல் சித்தப்பா நேற்றுதான் ஷார்ஜாவிலிருந்து பிரியாணி படம் அனுப்பினார்!

"அது எங்கண்ணன். செத்த பிள்ள பேர அடுத்துப் பொறந்ததுக்கு வைக்கதுதான" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

ஆப்பில் அந்தப் பெயருக்குத் தேதி இடிக்கிறது என்று ஒரு வருடமாகச் சிவப்புப் புள்ளி காட்டியது. நான்தான் ஏதோ எழுத்துப்பிழை என்று, கோயில் பதிவேட்டில் இருந்த இரண்டு மனுவேலையும் ஒரே ஆளாகச் சேர்த்து வைத்திருந்தேன். எனக்கு ஒரு பெரியப்பா! ஆப்பின் குரூப்பில் போட்டதும் ஒரே கைதட்டல்.

சந்தோஷப்படலாமா? தெரியலை.

4 நவம்பர்
சாப்பிடும்போது அப்பாவைக் குடைந்தேன்.

"சங்கு குளிக்கப் போனான். முங்கினான். மேல வரும்போது சீவன் இல்ல."

"தண்ணி குடிச்சிட்டாரா?"

"வயித்துல ஒரு சொட்டு தண்ணி இல்லன்னாவ. அஞ்சு வருசங்கழிச்சு எங்கப்பாவும் அப்படியேதான். கடல் கேட்டுச்சு, குடுத்தாச்சு. சோத்தத் தின்னு."

ஃபிராங்க்ளின் அண்ணன் சிரித்தான். "ஏளா, செத்தவன வச்சு லைக் வாங்குதியா? என் போட்டோவையும் போடு. கேப்டன்னு கீழ எழுது."

பதினாறாம் தேதி சென்னைக்குப் போகிறான், கப்பல் கோர்ஸ். முதல் வாரமே உயரத்திலிருந்து குளத்தில் குதிக்க வேண்டுமாம். இப்போதே வீட்டில் எல்லாரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறோம்.

6 நவம்பர்
அப்பா சொன்னதையும் குரூப்பில் போட்டிருந்தேன். அங்கே இருக்கும் கனடா டாக்டர் ஒருவர் பதில் போட்டிருந்தார். நன்றாக நீந்துகிறவர்கள், வயிற்றில் தண்ணீர் இல்லை, ஒரே குடும்பத்து ரத்தம் – இதயத் துடிப்பில் ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கலாமாம். நீந்தும்போது, ஓடும்போது சட்டென்று நின்றுவிடுமாம். 'வீட்டில் யாராவது ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறார்களா?'

போன வருஷம் ஃபுட்பால் மேட்ச். அண்ணன் ஓடிக்கிட்டே விழுந்தான். பசி மயக்கம்னு சொல்லி சோடா வாங்கிக் குடுத்தோம்.

சோடா.

7 நவம்பர்
சொல்லவா? சொல்லாம எப்படி?

8 நவம்பர்
சொல்லிவிட்டேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மெடிக்கல்ல பாஸ் ஆயிட்டேன். நீ யூடியூப் டாக்டரா?"

அப்பா, "இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரப்படாது" என்றார்.

அதுவரை வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "ஏன் வரப்படாது? காது வலின்னு ஊருக்குச் சொல்லித்தான சங்குக்குப் போறத விட்டீய? முங்குன இடத்துல மயங்கி, தூக்கிட்டு வந்து போட்டாவளே, அது காதா? ஒங்க தங்கச்சி பிளாரன்ஸு காமாலையிலயா செத்தா? பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்துல விழுந்தவள!"

"வலிப்புக் குடும்பம்னு பேராச்சுன்னா இவள எவன் கட்டுவான்?" அப்பா என்னைத்தான் காட்டினார்.

என்னையா? எனக்காகவா இதெல்லாம்?

"இவளுக்கு மாப்பிள்ள கெடைக்கும்" என்றாள் அம்மா. "எனக்கு இன்னொரு பிள்ள கெடைக்குமா?"

அண்ணன்தான், "எந்த ஆஸ்பத்திரி?" என்றான்.

10 நவம்பர்
அப்பா, அண்ணன், நான் – மூன்று பேருக்கும் ஈசிஜி. அண்ணனுக்கு நார்மல். வெளியே வந்து பைக்கை உதைத்தபடியே, "ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சியேளா" என்றான். திட்டினால் என்ன, நான் அழுதே விட்டேன், நிம்மதியில்.

ஆனால் அப்பாவுடைய படத்தை டாக்டர் நீளமாகப் பார்த்தார். "பையனை ஓட விட்டு எடுக்கணும். படுத்திருந்தா சிலருக்குத் தெரியாது."

12 நவம்பர்
ஓடினான். நன்றாகத்தான் ஓடினான், சிரித்துக்கொண்டே. நிறுத்தியபின் டாக்டர் காகிதத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

இருக்கு.

அப்பாவுக்கும் இருக்கு. என்னையும் ஓட விட்டார்கள்; எனக்கு இல்லை. எனக்கு மட்டும் இல்லைன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?

தினமும் மாத்திரை. குளத்தில் குதிக்கக் கூடாது, கப்பல் வேலை கூடாது. "விடாம மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்கலாம்பா" என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டவே இல்லை.

16 நவம்பர்
சென்னைக்குப் போகிற முத்துநகர் ரயில் போய்விட்டது. அண்ணன் ஸ்டேஷன் வரை போய், ரயிலைப் பார்த்துவிட்டு வந்தானாம். என்னோடு பேசுவதில்லை. மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. நான் ஆப்பை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். அழிக்கவில்லை.

23 நவம்பர்
அட்டை அப்படியே.

7 டிசம்பர், ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் அப்பா ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். எங்கள் எல்லார் முன்னாலும்.

"ஏலே மனுவேலு, நாளைக்கே நெஞ்சப் படம் எடு. ஓடி எடுக்கணும், சும்மா படுத்துக் கெடந்துல்ல. ஒன் ரெண்டு பிள்ளைகளுக்கும்."

"என்னண்ணே திடீர்னு?"

"ஒங்கண்ணன் மனுவேலக் கடல் கொல்லல, லே." போனை வாயருகே கொண்டுபோனார். "நம்ம ரத்தம். நான் தெரிஞ்சே மறச்சிட்டேன்."

சித்தப்பா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடுக்களைக்குள் போனான். டப்பாக்கள் உருளும் சத்தம்.

"ஏளா ஜெர்லின், அந்த எழவு மாத்திரைய எங்க வச்சுத் தொலச்ச?"